இன்றைய நகரத்து நாவல்களில் வரும் குடும்பங்கள் ஏன் இப்படி மூச்சு முட்ட வைக்கின்றன? எழுத்தாளர்கள் மிகைப்படுத்துகிறார்களா?

மிகை இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும் நீங்கள் அநேகமாகத் தனிக்குடித்தனத்தில் இருப்பவர். அல்லது வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரே நீங்களாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்' கன்னடத்தில் 2013ல் வந்தது. ஸ்ரீநாத் பேரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் படித்தேன். பெங்களூரில் ஒரு குடும்பம். அப்பா விற்பனைப் பிரதிநிதி. அவருடைய கணக்கு இடிக்கிற நாளில் வீடே கூடி உட்கார்ந்து சரிபார்க்கும். அப்புறம் சித்தப்பாவின் மசாலா வியாபாரம் ஓகோவென்று போகிறது. அதிலிருந்து அவர் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் வேலை. கதை சொல்லும் மகன் பெயருக்கு ஒரு டைரக்டர், மாதச் சம்பளம் வருகிறது, பொழுது காபி ஹவுஸில் போகிறது. அவனுக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது. மசாலா கம்பெனிக்கு இருக்கிறது.

சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் வருகிறாள். வீட்டுப் பெண்கள் அவளைத் திட்டித் துரத்துகிறார்கள். புதிதாக வந்த மருமகள் அனிதா மட்டும்தான் இது என்ன நியாயம் என்று கேட்கிறாள். அவள் புருஷன், அதாவது கதை சொல்லும் அந்த மகன், வாயே திறப்பதில்லை.

அந்தப் புருஷனை எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு வேலை போனபோது வாடகை மிச்சம் என்று மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டோம். கொழுந்தனார் கட்டட கான்ட்ராக்டர், வீட்டுச் செலவு மொத்தமும் அவர் கை. அவர் வரும்வரை ராத்திரி சாப்பாடு கிடையாது. என் பையனுக்கு ஸ்கூல் பார்த்ததும் அவர்தான். "ரொம்ப தூரமாச்சே" என்றேன். யாரும் கத்தவில்லை. "ஃபீஸ் கட்டுறவன் சொல்றாம்மா" என்றார் அத்தை, அதுவும் தன்மையாக. இவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தனாரைக் கெட்டவர் என்று சொல்லவே இல்லை, கமெண்டில் ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் இல்லையென்றால் எங்கள் பாடு திண்டாட்டம்தான். அதனால்தான் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. அந்த நாவலிலும் வில்லன் என்று யாரும் கிடையாது, வசதி கெட்டுவிடுமோ என்ற பயம்தான் எல்லோரையும் ஆட்டி வைக்கிறது.

    

எல்லா நகரத்துக் கதையும் பணத்தைப் பற்றியதல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஜெர்ரி பிண்டோவின் 'எம் அண்ட் த பிக் ஹூம்' 2012ல் வந்தது. மும்பை மாஹிமில் ஒரு சின்ன ஃபிளாட், மனநோயோடு போராடும் அம்மா. அங்கே மூச்சு முட்டுவது பாசத்தால்.

முதலில் 'காச்சர் கோச்சர்' படியுங்கள். சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். என் வீட்டுக்காரரிடமும் கொடுத்தேன். "கதையே நகரல" என்று பாதியில் வைத்துவிட்டார்.