ரெசிடென்சி நேர்காணல், திரையிலா நேரிலா: கேள்வி பதில்

அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் படிப்பை முடித்தவர்கள் அங்குள்ள மருத்துவமனையில் வேலை பார்த்தபடி பெறும் மேற்பயிற்சிக்கு, விண்ணப்பித்திருக்கும் நம் நீலகிரிப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு, 2019ஆம் ஆண்டு நேர்காணல்களுக்கு நேரில் சென்று வந்த அனுபவத்தை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

குன்னூரிலிருந்து: காணொளி நேர்காணல் நமக்கு நன்மைதானா, டாக்டர்?

சந்தேகமின்றி நன்மைதான். 2020இல் கொரோனாவால் நேர்காணல்கள் திரைக்கு மாறும் வரை, விசா வாங்கி, ஊர் ஊராக டிக்கெட்டும் விடுதியும் எடுத்தால்தான் போட்டியில் நிற்கவே முடியும். அப்பா ஈராண்டுப் பச்சைத் தேயிலைப் பணத்தைச் சேர்த்துத் தந்தும் போதாமல், அழைப்பு வந்த ஒன்பது இடங்களில் நான்கை விட்டுவிட்டேன். கிளீவ்லாந்துக்கு இரவுப் பேருந்தில் போய், நிலையத்துக் கழிவறையில் உடை மாற்றிக்கொண்டேன்.

கூடலூரிலிருந்து: மருத்துவமனையைக் கண்ணால் பார்க்காமல் தரவரிசைப் பட்டியலை எப்படிப் போடுவது?

என்னிடம் பேசும் விண்ணப்பதாரர்களின் பெரிய மனக்குறை இதுவே. அது நியாயமானதும் கூட. நாம் விருப்ப வரிசையில் தரும் பட்டியலையும் மருத்துவமனைகள் தரும் பட்டியலையும் கணினியில் பொருத்தி இடம் ஒதுக்கும் முறைதான் மேட்ச். மார்ச் மாதம் அது எந்த இடத்தைக் காட்டுகிறதோ, அதற்கு நாம் கட்டுப்பட்டவர்கள். நேரில் போனபோது, முந்தைய இரவு விருந்தில் ஒரு ரெசிடென்ட் கையில் முள்கரண்டியோடு கண்ணயர்ந்ததைப் பார்த்தேன். அந்த இடத்தைப் பட்டியலின் கடைசியில் வைத்தேன். திரையில் அது கிடைக்காது. ஆகவே, மேலதிகாரிகள் இல்லாமல் ரெசிடென்ட்கள் மட்டும் பேசும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு அங்கே உண்மையில் கடைப்பிடிக்கப்படுகிறதா, இரவுப் பணியில் முதலாண்டு மருத்துவர் எத்தனை நோயாளிகளைத் தனியாகப் பார்க்கிறார் என்று இருவரிடமாவது கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். திரையிலும் அது மறையாது.

உதகையிலிருந்து: நேரில் அழைக்கும் இடத்தில் காணொளி கேட்டால் மதிப்புக் குறையுமா?

முடிவு அந்தந்த மருத்துவமனையின் கையில் இருக்கிறது. எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதியிருந்தால், நம்பித் திரையைத் தேர்ந்தெடுங்கள். நேரில் மட்டும் என்றால், விசா நிலவரத்தை உடனே எழுதித் தெரிவியுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: மழையில் மின்சாரம் போய்விட்டால்?

நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பின் நியூயார்க் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்குவதால், அங்கே காலை 8 மணி என்பது நமக்கு மாலை 6.30, வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்கம்பி அறும் காலமும் அதுவே. இன்வெர்ட்டரில் வைஃபை மோடமும் ஓடுகிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். முடிந்தால், மலைப்பாதையில் மண் சரியும் முன் முந்தைய நாளே மேட்டுப்பாளையத்து உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுங்கள். ஒருங்கிணைப்பாளரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். என் சித்தி மகளுக்குப் பேச்சின் நடுவே எல்லாம் அணைந்தபோது, டார்ச் வெளிச்சத்தில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அழைத்தாள். மறுவாரம் வேறு நேரம் கொடுத்தார்கள்.