அப்பாவின் பழைய மடிக்கணினி பேசுமா?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 68. கண் அழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. 2017இல் வாங்கிய அவருடைய மடிக்கணினி, 8 ஜிபி நினைவகத்தோடு இன்னும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11 அதில் ஏறாது என்கிறார்கள். புதுக் கணினியும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருளும் சேர்த்து 2,000 வெள்ளிக்கு மேல் ஆகும் என்று கடையில் சொல்கிறார்கள். அண்ணன் மகனோ, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் செலவே இல்லை என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இப்போதைக்கு அண்ணன் மகன் சொல்வதைக் கேளுங்கள். பிறகு வேண்டுமானால் கடைக்குப் போகலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எந்தக் கணினியாக இருந்தாலும் திரைவாசிப்பானுக்காக அப்பா ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டியதில்லை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் கூடவே வருகிறது. விண்டோஸில் என்விடிஏ இருக்கிறது, அதுவும் இலவசம், அதுவும் திறந்த மூலம். காசு கொடுத்து வாங்கும் ஜாஸ் மென்பொருள் அலுவலக வேலையில் இருப்பவர்களுக்குத் தேவைப்படலாம். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மின்னஞ்சல் படிக்கவும் செய்தி கேட்கவும் கட்டுரை எழுதவும் விரும்பும் ஓர் ஆசிரியருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இணையத்தில் புழங்கும் கணினியை அப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல. அதனால் மாற வேண்டும் என்பது சரி. ஆனால் மாறுவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம், அதற்குச் செலவு ஒரு யுஎஸ்பி விரலி மட்டுமே. 16 ஜிபி விரலி ஒன்றில் உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கச் சொல்லுங்கள். நிறுவாமலேயே ஓடும், உள்ளே இருக்கும் கோப்புகளைத் தொடாது. திரை வந்ததும் ஆல்ட், விண்டோஸ் சின்னமுள்ள விசை, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா பேசத் தொடங்கும். நிறுவிய பிறகு கடவுச்சொல் கேட்கும் திரையிலும் அதே மூன்று விசைகள்தான். எந்தச் சாதனத்திலிருந்து தொடங்குவது என்று கேட்கும் அந்த முதல் திரை மட்டும் பேசாது. அங்கே பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் குரல். ஓர்காவில் தமிழ் படிப்பது பெரும்பாலும் ஈஸ்பீக் என்ற குரல்தான். என்விடிஏவோடு வருவதும் அதே ஈஸ்பீக்தான். எனவே தமிழ்க் குரலுக்காகப் புதுக் கணினி வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். இயந்திரக் குரல், ஏற்ற இறக்கம் இருக்காது. தமிழை வாழ்நாள் முழுக்க உச்சரித்துச் சொல்லிக்கொடுத்தவருக்கு முதல் நாள் அது காதில் குத்தும். என் பெரியப்பாவுக்கு அமைத்துக் கொடுத்தபோது வேகத்தைக் குறைக்காமல் விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் கணினியை மூடி வைத்துவிட்டார். அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது. இன்சர்ட் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தினால் ஓர்காவின் அமைப்புகள் திறக்கும். அங்கே தமிழைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, அப்பாவையே வாரம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்சர்ட் விசை கைக்கு எட்டாத மடிக்கணினி என்றால், மடிக்கணினி விசை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், கேப்ஸ் லாக் விசை அந்த வேலையைச் செய்யும். இன்சர்ட்டோடு எச் அழுத்தினால் பயிற்சி முறை. எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்லும், எஸ்கேப் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். முதல் மூன்று நாள் இதை மட்டும் பழகினாலே போதும்.

அப்பா ஆசிரியர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்து வைத்த பாடக்குறிப்புகள் இருக்குமே, அவற்றில் ஒன்றைத் திறந்து ஓர்காவைப் படிக்கச் சொல்லுங்கள். இன்று எங்கும் புழங்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருந்தால் படிக்கும். டிஸ்கி, டேப், டேம் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் இருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் காதுக்குப் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் வரும். கணினி கெட்டுவிட்டது என்று அப்பா நினைத்துக்கொள்வார். அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் வேலையை அண்ணன் மகனிடம் கொடுங்கள். காகிதத்தைப் படமெடுத்து வைத்த பிடிஎஃப் கோப்புகளும் அப்படியே பேசாது. டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள் தமிழையும் அறியும், அதன் வழியாக முதலில் எழுத்தாக மாற்ற வேண்டும்.

இரண்டு வாரம் விரலியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒத்துவந்தால் நிறுவுங்கள்.

ஒத்துவராமல் புதிது வாங்கத்தான் வேண்டும் என்றால், கடைக்காரரிடம் வாய்மொழியாக மட்டும் பேசாதீர்கள். 'பார்வையில்லாத என் அப்பா திரைவாசிப்பானோடு பயன்படுத்த வாங்குகிறோம்' என்று வாட்ஸ்அப்பிலோ ரசீதிலோ எழுத்தில் இருக்கட்டும். என்ன பயன்பாட்டுக்கு என்று வாங்குபவர் சொல்லி வாங்கினால், பொருள் அதற்குப் பொருந்த வேண்டும் என்பது இங்குள்ள பொருள் விற்பனைச் சட்டம். பழுதான பொருள்களுக்கான 'லெமன்' சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. வாங்கி 6 மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். கடையில் வாங்கும் பழைய கணினிக்கும் இது உண்டு, தனிநபரிடம் வாங்கினால் இல்லை. கடையோடு தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும்.

பணம் கட்டுவதற்கு முன் லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்கான வளாகமாக இருக்கும் எனேபலிங் வில்லேஜுக்கு அப்பாவை ஒருமுறை அழைத்துப் போங்கள். அங்கே டெக் ஏபிள் என்ற இடத்தில் உதவிக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் உதவித் தொழில்நுட்ப நிதி, தகுதியுள்ளவர்களுக்குக் கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை தருகிறது. வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள் என்பதால், அப்பாவுக்குக் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.