ஏ00 கிளையைச் சேர்ந்தவர்கள்தான் மனிதகுலத்தின் மூத்தகுடியா?

இல்லை. ஏ00 என்பது ஆண்களின் ஒய் குரோமோசோமில், மற்ற எல்லாக் கிளைகளுக்கும் முன்பே பிரிந்துவிட்ட ஒரு தந்தைவழிக் கிளை. ஒரு தந்தைவழிக் கிளை எவ்வளவு பழையது என்று ஓரளவு சொல்லலாம். அதைச் சுமக்கும் மக்கள் எவ்வளவு பழையவர்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கேமரூன் என்ற ஒரே நாட்டை வைத்தே இதை விளக்கிவிடலாம். வகுப்பில் மாணவர்கள் கேட்டாலும் நான் அங்கேதான் போவேன்.

ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி தந்தையிடமிருந்து மகனுக்குக் கலப்பில்லாமல் இறங்குகிறது. இறங்கும் வழியில் எப்போதாவது அதன் மரபணுத் தொடரில் ஓரெழுத்து மாறும். மாறிய எழுத்து அந்த மகனின் ஆண்வழி வாரிசுகள் எல்லோரிடமும் தங்கிவிடும். யாரிடம் எது மாறியிருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கிளைமரம் கிடைக்கும். 2011-இல் அதன் வேருக்கு, அதாவது எல்லா ஆண்களுக்கும் பொதுவான தந்தைக்கு, 1,42,000 ஆண்டுகள் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

அதைக் குலைத்தது ஒரு குடும்பத்தின் ஆர்வம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர் ஆல்பர்ட் பெரி. அவர் வழிவந்த ஓர் ஆணின் மாதிரி வணிக மரபணுப் பரிசோதனைக்கு வந்தபோது, மரத்தின் எந்தக் கிளையிலும் அதைப் பொருத்த முடியவில்லை. மற்ற ஆண்களிடம் மாறியிருந்த இடங்களில் எல்லாம் இவரிடம் மாறாத பழைய எழுத்தே இருந்தது. ஆக, மற்ற அனைவருக்கும் பொதுவான தந்தை பிறப்பதற்கு முன்பே பிரிந்துவிட்ட கிளை இது. 2013-இல் வெளியான ஆய்வு இதற்கு ஏ00 என்று பெயர் வைத்தது. ஆப்பிரிக்க மாதிரிகளில் தேடிப்பார்த்ததில், மேற்குக் கேமரூனின் ம்போ மக்களில் 174 ஆண்களில் 11 பேரிடம் அதே கிளை கிடைத்தது.

இந்தக் கிளையையும் சேர்த்தால் வேரின் வயது? முதலில் 3,38,000 ஆண்டுகள் என்றார்கள். அதே ஆய்வில் கீழ்வரம்பு 2,37,000, மேல்வரம்பு 5,81,000 என்றும் இருந்தது. பரவியது என்னவோ நடுவில் இருந்த எண் மட்டும்தான். எழுத்து மாறும் வேகத்தை மிகக் குறைவாக வைத்துக்கொண்டார்கள் என்று ஆட்சேபித்த இன்னொரு குழு, 2014-இல் அதை 2,08,000-ஆகக் குறைத்தது. பின்வந்த கணக்குகள் இரண்டரை லட்சத்தை ஒட்டி நிற்கின்றன. இந்த வயதுக்குச் சான்றாக எலும்பும் இல்லை, கல்லாயுதமும் இல்லை. வேகத்தை மாற்றினால் வயதும் மாறிவிடும் சங்கதி இது. ஒரே ஒரு மாதிரி வந்ததும் மரத்தின் வேர் இவ்வளவு பின்னால் போனது என்றால், அந்த வேரில் நிற்கும் ஆணுக்குச் சூட்டிய “ஒய் ஆதாம்” என்கிற பெயரே பொருத்தமில்லாதது. அவர் காலத்தில் மற்ற ஆண்களும் இருந்தார்கள். இன்றுவரை அறுபடாமல் வந்தது அவருடைய ஆண்வழி மட்டும்தான்.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் இடம்: ஷூம் லாகா. வடமேற்குக் கேமரூனின் புல்மேட்டுப் பகுதியில் உள்ள பாறைக்குகை. அங்கே புதைக்கப்பட்டிருந்த நான்கு சிறாரின் மரபணுவை, உட்காதைச் சுற்றியுள்ள கெட்டியான எலும்பிலிருந்து எடுத்தார்கள். ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் மரபணு ஓரளவு தப்பிப்பது அந்த எலும்பில்தான். இருவர் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தையவர்கள், இருவர் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தையவர்கள். அந்தப் பழைய இருவரில் ஒரு வளரிளம் பையனிடம் ஏ00 இருந்தது. அப்பகுதியில் அந்தக் கிளை நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று.

ஆனால் 2020-இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பையனின் முழு மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மழைக்காட்டு வேட்டைச் சமூகங்களுக்கு நெருக்கமானது. மீதி மேற்கு ஆப்பிரிக்கர்களுக்குத் தூரத்து உறவான ஒரு மூலம். அவனே ஒரு கலப்பு. அதே பகுதியில் இன்று வாழும் பாண்டு மொழி பேசுவோருக்கு அந்த நால்வரும் நெருங்கிய உறவும் இல்லை. கிளை அதே ஊரில் தங்கிவிட்டது. சுமக்கும் மக்கள் மாறிவிட்டார்கள். இன்றைய ம்போ ஆண்களில்கூடப் பெரும்பாலோர் ஏ00 அல்லாதவர்கள்தான்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் குரோமோசோம் அவற்றில் ஒருவரைப் பற்றி மட்டும் பேசும். மற்ற 1,023 பேரைப் பற்றி வாயே திறக்காது.

அதே கேமரூனின் வடக்குப் பகுதிக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. அங்கேயும் பக்கத்து நாடான சாடிலும் சாடிய மொழிகள் பேசும் சில குழுக்களில் ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் கிளை ஆர்1பி-வி88. ஆப்பிரிக்காவுக்கு வெளியே யுரேசியாவில் கிளைத்து, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திரும்பி வந்த கிளை அது. தந்தைவழியை மட்டும் பார்த்தால் அந்த மனிதர்கள் ஐரோப்பியருக்குச் சொந்தக்காரர்கள் என்று முடிவுகட்ட வேண்டியிருக்கும். அவர்களுடைய மற்ற மரபணுக்களோ பெரும்பாலும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை.

நம் ஊரிலும் இதே கூத்து நடந்ததுதான். உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் இருந்த செய்தி, “உலகின் முதல் மனிதன் தமிழன்” என்று உருமாறி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எம்130 ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியவர்களின் வழியில் வருவது. ஏ00-வோடு ஒப்பிட்டால் அது மிகப் பிந்திய கிளை.

பரிசோதனை செய்து பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆர்வத்துக்காகத் தாராளமாகச் செய்யலாம். பெண்களுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது என்பதால் அப்பா, அண்ணன், தம்பி, இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா என்று யாராவது மாதிரி கொடுக்க வேண்டும். தாய்மாமன் கொடுத்தால் அது உங்கள் அம்மாவின் அப்பா வழியைத்தான் காட்டும்.