வாக்குத்தத்த அட்டையும் ஓசூர் வேலையும்

ஐயா, ஸ்தோத்திரம். நாங்கள் பெங்களூர் கம்மனஹள்ளியில் இருக்கிறோம். போன நவம்பரில் கணவருக்கு வேலை போய்விட்டது. புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வருஷத்துக்கு ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டை) எரேமியா 29:11 வந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். மார்ச்சில் ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர், "மூன்று மாதத்துக்குள் இரட்டிப்புச் சம்பளத்தில் வேலை" என்று தீர்க்கதரிசனம் சொன்னார். ஜூனும் போய்விட்டது. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது, பாதிச் சம்பளம்தான். போனால் அவிசுவாசம், கர்த்தருடைய திட்டத்துக்குக் காத்திருங்கள் என்கிறார் அந்த ஊழியக்காரர். என் விசுவாசத்தில்தான் குறையா? அந்த அட்டையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கழற்றிவிடட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரி,

ஓசூர் வேலைக்கு உங்கள் கணவர் போகட்டும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், கம்பெனிக்காரர்கள் பதிலுக்காக ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் அட்டையில் இருப்பது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் பிடித்துக்கொண்டு போனான். பாபிலோனில் கிடந்த அந்த ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரிக்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கும். கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருந்திருந்தால், தான் ஊர் திரும்பப் போவதில்லை என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கும் சேர்த்துத்தான் 'சமாதானம்' என்று எழுதியிருக்கிறது. பத்தாம் வசனத்தை விட்டுவிட்டுப் பதினொன்றை மட்டும் அட்டையில் அச்சடிப்பது எனக்கு வருத்தமான விஷயம்.

அதற்கு முந்தின அதிகாரத்தை உங்கள் கணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நாள் குறிக்கிறான். பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மர நுகத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிற எரேமியா என்ன சொல்கிறார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." சமாதானம் வரும் என்று சொல்கிறவனைக் கர்த்தர் அனுப்பினாரா என்பது, சொன்னது நடக்கும்போதுதான் தெரியும் என்றும் சொல்கிறார். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். பிறகு கர்த்தருடைய வார்த்தை வந்தபின்தான் திரும்பி வந்து பேசுகிறார்.

எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. தாழ்மை என்றால் இதுதான் என் மனதில் வரும். கர்த்தரோடு அத்தனை நெருக்கமாக இருந்த மனிதர், தனக்குச் சொல்லப்படாததைத் தானாகச் சொல்லத் துணியவில்லை. நம் சபைகளிலோ, வார்த்தையைக் கேட்கிறவர்களிடம் மட்டும் தாழ்மையை எதிர்பார்க்கிறோம். மூன்று மாதம் என்று நாள் குறித்தவருக்கு அது இருந்திருக்க வேண்டும். அவர் சொன்னது நடக்காததற்கு உங்கள் விசுவாசத்தின்மேல் பழி போடுவது அநியாயம். அதை நீங்கள் சுமக்க வேண்டாம், சகோதரி.

என் அப்பா இங்கே ஒரு மில்லில் வேலை பார்த்தார். மில்லை மூடினார்கள். திறக்கும், அடுத்த மாதம் திறக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்போது அல்சூரில் வாடகை வீட்டில் இருந்தோம். வாடகை பாக்கி, காலி பண்ணச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அந்த வாரத்தில் ஒருநாள் அம்மா எங்கிருந்தோ ஒரு முருங்கைப் போத்து வாங்கிவந்து பின்பக்கம் நட்டார். வெட்டுப்பட்ட நுனியில் பசுஞ்சாணியை உருட்டி, குல்லா போட்ட மாதிரி அப்பினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "காலி பண்ணப்போற வீட்ல எதுக்கும்மா?" என்று கேட்டேன். "இருந்தா நாம சாப்பிடுவோம். இல்லைன்னா வர்றவங்க சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். இரண்டு மாதத்தில் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பினோம். துளிர் விட்டிருந்தது.

அதே கடிதத்தின் ஐந்தாம் வசனம், "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி" என்கிறது. ஏழாம் வசனம், அவர்கள் சிறைப்பட்டுப்போய் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறது. முடிவு எப்போது என்பதைக் கர்த்தர் தன் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கிற நாட்களை ஜனங்கள் கையில் கொடுக்கிறார். உங்கள் வீட்டுக்கு அந்த நடுநாட்களில் வந்திருப்பது ஓசூர் வேலை. பாதிச் சம்பளத்தில் பள்ளிக்கூட ஃபீஸும் வாடகையும் இழுபறியாகத்தான் இருக்கும், அதை நான் மறைக்கவில்லை. சின்ன வீடாகப் பார்க்க வேண்டி வரலாம். இரட்டிப்புச் சம்பளம் பின்னால் வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வந்தால் நானும் ஆமென் சொல்வேன்.

அட்டையைக் கழற்ற வேண்டாம். அதன் கீழே பென்சிலால் 5, 7, 10 என்று மட்டும் எழுதி வையுங்கள். கம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல், சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும். அவர் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். முதல் நாள் எது என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்குக் காலையில் நானும் எழுந்து உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன்.