மொட்டை மலையும் ஆயிரம் கன்றுகளும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர்களோடு நீலகிரியில் அவலாஞ்சி போயிருந்தோம். பள்ளங்களில் மட்டும்தான் சோலைக்காடு, சரிவு முழுக்க மொட்டையாகக் கிடக்கிறது. மனசு கனத்துவிட்டது. வரும் மழையில் ஆயிரம் கன்றுகள் நடலாம் என்றிருக்கிறோம். எந்த மரம் அங்கே பிடிக்கும்? குறிஞ்சி மறுபடி எப்போது பூக்கும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

குறிஞ்சி 2018இல் பூத்தது. 12 வருடக் கணக்கு, 2030 வரை பொறுங்கள். அதை விடுங்கள்.

என்னை எழுத உட்காரவைத்தது ‘மொட்டை’ என்ற உங்கள் சொல். மழைக்காலம் நெருங்கினாலே மரம் நடும் அழைப்பிதழ்கள் வந்து குவிகின்றன. ஏற்கனவே அந்த எரிச்சலில்தான் இருந்தேன்.

அது மொட்டை இல்லை, புல்வெளி. யாரும் வெட்டி உண்டானதும் இல்லை. நீலகிரிச் சதுப்புகளில் மக்கிக் கிடக்கும் மண்ணை ஆராய்ந்து சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் உழைத்தவர்களும் 1993இல் எழுதினார்கள். 20,000 வருடங்களுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. தேயிலைக்கு எத்தனையோ காலம் முன்பு! டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி இறங்கும். திறந்த வெளியில் முளைத்த சோலை மரத்தின் நாற்று அதில் கருகிப்போகும். சோலைக்குள் என்றால் மேலே கவிந்த இலைகள் போர்வை மாதிரி காப்பாற்றும். புல்லோ மேலே காய்ந்தாலும் வேரில் உயிரை வைத்திருந்து மழைக்குத் தளிர்க்கும்.

அப்படியானால் அங்கே எது பிடிக்கும்? ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் (வாட்டில் மரம், சீகைக்காய் இல்லை) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பிடிக்கும். அதுதான் வினை. வெள்ளைக்காரன் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் அந்தக் கணக்கைத் திருத்தவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை, விறகுக்கும் காகிதக் கூழுக்கும் கற்பூர மரம் என்று நட்டுக்கொண்டே போனோம். நீலகிரியிலேயே கிளென்மார்கன் என்ற இடத்தில் பல வருடம் அளந்து பார்த்தார்கள். புல்வெளியில் கற்பூர மரம் வைத்ததும், முதல் முறை மரம் வெட்டுவதற்குள்ளேயே ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. பவானிக்குப் போகவேண்டிய தண்ணீர் அது. வரையாட்டுக்கும் தோடர்களின் எருமைகளுக்கும் மேய்ச்சல் போனது தனிக் கதை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனசு கனத்தது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் நட்டவன்தான். கல்லூரி நாளில் ஒரு முகாம். சரிவில் வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கு நாற்பது சீகைக் கன்றுகள் கொடுத்தார்கள். பக்கத்துச் சதுப்பில் கால் புதைந்து என் செருப்பே போய்விட்டது. வெறுங்காலோடு நான் கன்று பிடித்து நிற்கும் போட்டோவை அப்பா சட்டம் போட்டு மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

முப்பது வருடம் கழித்துப் போனேன். செருப்பை விழுங்கிய சதுப்பு கட்டாந்தரையாகக் கிடந்தது. சீகைக்குள் குனிந்துகூட நுழைய முடியவில்லை. வெட்டினாலும் தீராது, விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் உறங்கும், தீ பட்டால் மொத்தமாக முளைக்கும்.

சரி, கன்றுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஆளுக்கொரு ஜோடி கையுறை வாங்குங்கள். வனத்துறையிடம் அனுமதி கேட்டு, சீகை நாற்று பிடுங்குகிற வேலையில் சேர்ந்துகொள்ளுங்கள். முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் ஈர மண்ணில் வேரோடு வந்துவிடும். என் நாற்பதின் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கும், பார்த்துப் பிடுங்குங்கள்.