பிறரை மன்னித்தால்தான் தேவன் என்னை மன்னிப்பாரா?

‘நீங்கள் பிறரை மன்னிக்காவிட்டால் தேவனும் உங்களை மன்னிக்கமாட்டார்’ என்கிறது பைபிளில் மத்தேயு 6:15. அதை மட்டும் படித்தால் பேரம் போலத்தான் தெரியும். 18-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே இயேசு சொல்லும் கதையில், ராஜா முதலில் தன் ஊழியன் ஒருவனின் பதினாயிரம் தாலந்துக் கடனைத் தள்ளிவிடுகிறார். ஒரு தாலந்தே சுமார் 6,000 நாள் கூலி. ஆயுள் முழுக்க உழைத்தாலும் தீராது. அப்புறம்தான் அந்த ஊழியன் நூறு வெள்ளிப்பணத்துக்காக இன்னொருவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அதுவும் நூறு நாள் கூலி, சின்னத் தொகை இல்லை. நமக்கு நடந்த அநியாயம் அற்பமானது என்று இயேசு சொல்லவே இல்லை. ஆனால் பெற்றது முதலில், கொடுப்பது அதிலிருந்து. மன்னிக்க மறுப்பவன் தான் பெற்றதை உணரவே இல்லை என்றுதான் நான் வாசிக்கிறேன்.

சரி, அடிக்கிற கணவனை மன்னித்துவிட்டு அவனோடேயே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பழிவாங்குவதை விடுவது மன்னிப்பு. மறுபடி நம்புவது வேறு, அதற்கு அவன் மனந்திரும்ப வேண்டும். மன்னித்தபடியே போலீசில் புகாரும் கொடுக்கலாம்.