ஆர்பிட்ரேஷன் படிக்க இப்போதே சிங்கப்பூர் போக வேண்டுமா?

வணக்கம் சார். மகள் சட்டக்கல்லூரியில் நான்காம் ஆண்டு, முடித்த கையோடு சர்வதேச ஆர்பிட்ரேஷனில் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் படிப்பு படிக்கச் சிங்கப்பூரோ லண்டனோ போகிறேன் என்கிறாள், வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துறை நல்ல துறைதான். ஆனால் வீட்டுப் பத்திரத்தை இப்போது எடுக்காதீர்கள்.

இரண்டு நாட்டுக் கம்பெனிகளுக்குள் தகராறு வந்தால் எதிராளி ஊர் கோர்ட்டில் போய் நிற்க யாருக்கும் மனசு வராது. அதனால் இருவரும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் போகிறார்கள், இதுதான் ஆர்பிட்ரேஷன். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958 நியூயார்க் ஒப்பந்தத்தில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருப்பதால், தோற்றவரின் சொத்து இருக்கும் நாட்டிலேயே அந்தத் தீர்ப்பை வைத்து வசூலிக்க வழி இருக்கிறது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகமும் வொயிட் அண்ட் கேஸ் சட்ட நிறுவனமும் நடத்திய 2025 ஆய்வில் 87 சதவீதம் பேர் எல்லை தாண்டிய தகராறுகளுக்கு இதையே விரும்பினார்கள். இடம் என்று கேட்டால் லண்டன், சிங்கப்பூர், ஹாங்காங் முன்னே நிற்கின்றன. உங்கள் மகள் அந்த ஊர்களைச் சொல்வது இதனால்தான்.

ஆனால் வழக்கு சிங்கப்பூரில் நடந்தாலும் அதன் வேர் சென்னைக்குப் பக்கத்தில் கார் ஆலைகள் இருக்கும் ஒரகடத்தில் இருக்கலாம். தமிழ்நாட்டு அரசு தர வேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை என்று ஜப்பான் கார் கம்பெனியான நிசான், இந்திய அரசின் மீதே சர்வதேச ஆர்பிட்ரேஷன் தொடுத்து, அது 2020-ல் சமரசமானது. இப்படிப்பட்ட வழக்கில் ஒப்பந்தத்தையும் கடிதங்களையும் கணக்கையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. ஒரு வருட எல்.எல்.எம். முடித்ததாலேயே அங்கே வக்கீலாக வாதாடும் உரிமையும் வந்துவிடாது, கடன் தவணை மட்டும் வந்து நிற்கும்.

அதனால் முதலில் சென்னையில் இரண்டு மூன்று வருடம். கட்டுமானம், கப்பல், மின்சாரம் என்று ஏதாவது ஒரு தொழிலின் தகராறுகளைப் பார்க்கும் சீனியரிடம் சேரட்டும். நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு வரும் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவு மனுக்களைத் தயாரிக்கட்டும். கல்லூரியிலேயே வியன்னா விஸ் மூட் என்ற மாதிரி ஆர்பிட்ரேஷன் போட்டிக்கு அணி இருந்தால் விடவே கூடாது. இன்னொன்று, ஆவணங்களைச் சலித்தெடுக்கும் ஜூனியர் வேலைக்கு ஏஐ வந்துகொண்டிருக்கிறது, அதே ஆய்வும் இதைச் சொல்கிறது. வெறும் பட்டத்தை நம்பிப் போவது எனக்குப் பயமாக இருப்பது இதனாலும்தான்.

அப்புறம் எல்.எல்.எம். போகட்டும், உதவித்தொகைக்கும் அந்த அனுபவம் கைகொடுக்கும். சரி, மகளை ஒருமுறை என்னிடம் பேசச் சொல்லுங்கள், திட்டாமல்.